‘ஆ’ பிரிவுக்குப் பாட்டு கிடையாது

ஆயா பொன்னம்மாள் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதும் அந்த வகுப்பறையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு வாடைதான். சுண்ணாம்பு வாடை இல்லை, வௌவால் வாடையும் இல்லை. வெகுநாள் மூடிக் கிடந்த ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறந்தால் தோலும் கற்பூரமும் கலந்து ஒரு வாடை வருமே, அது.

“இங்க யாராவது பாட்டு சொல்லிக் குடுத்தாங்களா ஆயா?” என்று கேட்டாள் ஜெயகுமாரி.

“பாட்டா? இந்த ஸ்கூல்ல பாட்டு டீச்சரே கெடையாதே கண்ணு. லீவுல பூட்டி வெச்சிருந்தாங்க, அத்தான் நாறுது. ஜன்னலத் தொறந்து வுட்டா பூடும்.”

அது தொண்ணூற்றொன்றாம் வருடம், பள்ளிகள் திறந்த வாரம். ஜெயகுமாரி பல்கலைக்கழக இசைத்துறையில் எம்.ஏ. முடித்து, எம்.ஃபில். ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அம்பத்தூரில் வீடு. அப்பா இக்னேஷியஸ், அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். காலையில் கிளம்பி, பூந்தமல்லியில் பஸ் மாறி, பெங்களூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நசரத்பேட்டை வந்து சேர்வாள். அங்கிருந்த பெண்கள் பள்ளியில்தான் அவளுடைய ஆய்வு.

ஆய்வு எளிமையானது. ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். ‘அ’ பிரிவுக்கு அவள் ஒரு பாட்டைக் காதால் கேட்கவைத்துக் கற்றுக்கொடுப்பாள். ‘ஆ’ பிரிவுக்கு அதே வரிகளைச் செய்யுள் போல வாசிக்க மட்டும் வைப்பாள். கடைசியில் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. பாட்டுக் கேட்ட காதுக்கும் கேட்காத காதுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும்.

“ஆ பிரிவுக் காதுல உன் மெட்டு ஒரு துளி விழுந்தாலும் ஆய்வு போச்சும்மா” என்று அவளுடைய கைடு சண்முகசுந்தரம் சொல்லியிருந்தார். அதனால்தான் ஜெயகுமாரி பாட்டையும் மெட்டையும் தானே கட்டினாள். ‘தூறல் விழுது ஏரியிலே, வட்டம் வட்டம் பெருகுது’ என்று தொடங்கி, ‘பெருகுது’ என்றே முடியும் நாலு வரி. மோகன ராகத்தில் குழந்தைக்கு ஏற்ற மெட்டு. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ‘அ’ பிரிவு கட்டடத்தின் ஒரு கோடியில், ‘ஆ’ பிரிவு மறுகோடியில், அந்த வாடை அடித்த அறையில்.

சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. ஒருநாள் ‘ஆ’ பிரிவில் நுழைந்து, “எங்கே, எல்லாரும் வாசிங்க பார்ப்போம்” என்றாள்.

குழந்தைகள் எழுந்து நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள். பாடினார்கள்.

அவளுடைய மெட்டை, சுருதி பிசகாமல், ‘அ’ பிரிவைவிட நன்றாக.

ஜெயகுமாரிக்கு முகம் வெளிறிவிட்டது. அப்போது அவளுக்கு வந்தது பயமில்லை, கோபம். ‘அ’ பிரிவுப் பிள்ளைகள் விளையாடும்போது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கே இரண்டாவது வரி தடுமாறும். இது யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, ஸ்வரம் ஸ்வரமாகச் சொல்லிக்கொடுத்தது. இசை தெரிந்த ஆளின் வேலை.

அவளுக்குத் தெரிந்து அப்படி ஓர் ஆள்தான் உண்டு. சாமுண்டீஸ்வரி. அதே கைடிடம் எம்.ஃபில். செய்பவள், வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவள். அடுத்த வருடம் பிஎச்.டி.க்கு அவரிடம் ஒரே ஓர் இடம்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் நசரத்பேட்டைப் பள்ளிக்கு வந்திருந்தாள் என்று பொன்னம்மாள் சொன்னது இப்போது முள்ளாகக் குத்தியது.

மறுநாள் துறை நூலகத்தில் அவளைப் பிடித்தாள்.

“என் ஸ்கூலுக்கு எதுக்குடி வந்தே?”

“உன்னைப் பார்க்கத்தான். அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்.”

“பார்த்தியே, என்கிட்ட ஏன் சொல்லல? ஆ பிரிவுல என்ன பண்ணிட்டு வந்தே?”

சாமுண்டீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. “நல்லா இருக்குடி நீ கேக்கறது. ஜன்னல்ல நின்னு எவ்ளோ நேரம் கூப்பிட்டேன்! நீ பாட்டுக்குக் கடைசி பெஞ்சுல முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தே. திரும்பக்கூட இல்ல. அந்தக் கோபத்துலதான் நானும் சொல்லாம வந்துட்டேன்.”

“எந்த வகுப்புல?”

“மூலையில, ஒரு மாதிரி வாடை அடிக்குமே, அது. மத்தியானச் சாப்பாட்டு நேரம்.”

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயகுமாரி ஒருநாளும் அந்த அறைக்குப் போனதில்லை. தலைமையாசிரியை வசந்தாவின் அறையில்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் அப்போது சுலபமாக இருந்தது. ஆனாலும் மனசு ஒட்டவில்லை. சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

அடுத்த நாள் பூந்தமல்லி பஸ்ஸில், நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, பாட்டின் கடைசி வார்த்தைக்கு ஒரு புதுத் திருப்பம் கட்டினாள். ‘பெருகுது’ என்பதை மேல் ஸ்தாயிக்குத் தாவவிட்டு, அங்கிருந்து படியில் தடுக்கி விழுந்ததுபோல் கீழ்ப் பஞ்சமத்துக்கு இறக்கினாள். எந்தக் குழந்தையும் தானாகப் பாடிவிட முடியாத தாவல். அதை அவள் முணுமுணுக்கவில்லை. எழுதவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் மட்டும் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்குப் போனதும் நேராக ‘ஆ’ பிரிவு.

“பாடுங்க” என்றாள்.

பாடினார்கள். கடைசி வார்த்தை வந்தது. அத்தனை குரல்களும் ஒன்றாக மேலே தாவின.

ஒன்றாகக் கீழே விழுந்தன.

ஜெயகுமாரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். “யார் சொல்லிக் குடுத்தது?”

முதல் பெஞ்சில் ரோஸி என்ற பெண் எழுந்தாள். எப்போதும் வாயாடி. இப்போது குரல் கரகரவென்று, கிழவி பேசுவதுபோல் வந்தது. “நீங்கதான் மிஸ்.”

“எப்போ?”

“மத்தியானத்துல. சாப்ட்டு வந்த பின்னாடி. இன்னிக்கு மட்டும் காலையிலயே வந்தீங்க.”

“நான் பாடினேனா?”

“இல்ல மிஸ். நீங்க வாயே தொறக்க மாட்டீங்க.” ரோஸி அருகில் வந்து ஜெயகுமாரியின் கையைப் பிடித்து, அதன் இரண்டு விரலைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். “இப்டி வெப்பீங்க. பாட்டு தானா வரும்.”

பிறகு அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆனா அப்போ கை சில்லுனு இருக்கும் மிஸ்.”

அன்று தலைமையாசிரியை வசந்தாவும் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். “என்னம்மா, உங்க பாட்டால ஆ பிரிவுல பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பேச்சே வரலைன்னு அம்மாக்காரிங்க வந்து சண்டை போடறாங்க. அந்தப் பிரிவுக்குப் பாட்டு கிடையாதுன்னுதானே சொன்னீங்க?”

ஜெயகுமாரி அவர் முகத்தையே பார்த்தாள். இவருக்கு ஏதோ தெரியும், மறைக்கிறார் என்று தோன்றியது. ஆனால் வசந்தாவின் கண்ணிலும் அதே பார்வைதான் இருந்தது. இந்தப் பெண் எதையோ மறைக்கிறாள் என்ற பார்வை.

மத்தியானம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜெயகுமாரி சாப்பிடவில்லை. ‘ஆ’ பிரிவின் பின்பக்கம், வேலிக்காத்தான் புதர்களை ஒட்டிப் போய் ஜன்னலோரம் நின்றாள்.

ரோட்டில் லாரி ஓடும் சத்தம் நின்றுபோயிருந்தது.

உள்ளே குழந்தைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கிசுகிசுக்கவில்லை. கடைசி பெஞ்சின் ஓரத்தில் மட்டும், ஓர் ஆள் உட்காருமளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்தத் தோல் வாடை ஜன்னல் வழியே வந்து முகத்தில் படிந்தது.

முதல் பெஞ்சில் ரோஸியின் மோவாய் மெல்ல மேலே உயர்ந்தது.

அவளாக உயர்த்தவில்லை. யாரோ விரலால் தூக்கியதுபோல உயர்ந்தது.

தொண்டைத் தோல் இரண்டு இடத்தில் குழிந்தது.

ரோஸி ஒரு ஸ்வரம் பாடினாள். குழி மறைந்தது. மோவாய் தாழ்ந்தது. பக்கத்துப் பெண்ணின் மோவாய் உயர்ந்தது. குழி. ஸ்வரம். அடுத்தவள். அதற்கடுத்தவள். பெஞ்சு பெஞ்சாக, அவசரமே இல்லாமல், அது நடந்து வந்தது. குழந்தைகளின் கண்கள் மட்டும் அதன் பின்னாலேயே நகர்ந்தன. வெறும் காற்றைப் பார்த்து.



கடைசி பெஞ்சு வந்தது. கடைசிப் பெண் பாடி முடித்தாள். ஓரத்துக் காலி இடத்தையும் தாண்டி, எல்லோருடைய கண்களும் ஜன்னலுக்கு வந்தன.

“மிஸ்” என்று ரோஸி கரகரத்தாள். “மோவாயைத் தூக்குங்க.”

கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது.

அவளுடைய தலை பின்னால் சாய்ந்தது. வாய் மூடித்தான் இருந்தது. ஆனாலும் தொண்டைக்குள் ஓர் ஒலி புரண்டு எழுந்து மூக்குவழியே ரீங்காரமாக வெளியே வந்தது. அவள் குரல்தான். அவள் பாடவில்லை.

கண்ணை மட்டும் உள்ளே திருப்பியபோது அந்தக் குழந்தைகளின் வெளிறிய முகங்கள் தெரிந்தன. அதுதான் அவளை உலுக்கியது. நாக்கை ரத்தம் வரக் கடித்தாள். ஒலி அறுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடி, கதவை உதைத்துத் திறந்து, “எல்லாரும் வெளியே! வெளியே ஓடுங்க!” என்று கத்தினாள். தூங்கி விழித்தவர்கள் போலக் குழந்தைகள் திகைத்து நின்றார்கள். கையில் அகப்பட்டவர்களை எல்லாம் இழுத்து மைதானத்தில் தள்ளிவிட்டு, கடைசியாகத் தானும் வந்து கதவை அறைந்து சாத்தினாள்.

கூரை பெயர்ந்து விழுகிறது என்று வசந்தாவிடம் சாதித்து, அன்றே வகுப்பை வேறு அறைக்கு மாற்ற வைத்தாள். ஆனால் மறுநாள் பஸ்ஸில் தன்னை மறந்து மனசுக்குள் ஒரு வரியை இழுத்துப் பார்த்துவிட்டாள். அவள் போய்ச் சேர்ந்தபோது, புது அறையில் ரோஸி அதைப் பாடிக்கொண்டிருந்தாள்.

இது அந்த அறையில் இல்லை, தன்னோடு வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து ஜெயகுமாரி மெட்டுக் கட்டவில்லை. மனசுக்குள் ராகம் எட்டிப் பார்த்தால், பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லி அடக்கினாள். நடக்கும்போது, குளிக்கும்போது, மாதா கோயிலில் பூசையின்போதுகூட. கொஞ்ச நாளில் ‘ஆ’ பிரிவுக் குழந்தைகளுக்குத் தொண்டை சரியாயிற்று. ரோஸி பழையபடி வாயாடினாள். பாட்டை மறந்துபோனார்கள்.

தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டதும் கைடு சண்முகசுந்தரம் சந்தேகமாகப் பார்த்தார். “என்ன, வீட்ல மாப்பிள்ளை பார்த்துட்டாங்களா?” என்றார். பழைய இலக்கண நூல்களில் தாளத்தைப் பற்றி ஏதோ எழுதி, தாமதமாகப் பட்டம் வாங்கினாள். பிஎச்.டி. இடம் சாமுண்டீஸ்வரிக்குப் போயிற்று. ஜெயகுமாரி அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். “அதை விடு” என்றாள் சாமுண்டீஸ்வரி. “நீ ஏண்டி இப்பல்லாம் பாடறதே இல்ல?”

ஜெயகுமாரி மனசுக்குள் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள்.

மூன்று வருடம் போயிற்று. கல்யாணமாகி, கணவன் டேவிட்டுடன் ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் குடியிருந்தாள். பக்கத்துப் போர்ஷனில் லோகநாதன் குடும்பம். அவர்களுக்குத் தவழத் தொடங்கிய ஒரு பெண் குழந்தை.

ஒருநாள் காலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இரவு பெய்த மழையில் காற்று குளிர்ந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு மெட்டு வந்து மனசில் உட்கார்ந்தது. நாலைந்து ஸ்வரம்தான். அத்தனை அழகு. எத்தனை காலமாயிற்று! ஒரு மூச்சு நேரம் அதை ஓடவிட்டாள். பிறகுதான் திடுக்கிட்டு வாய்ப்பாட்டைப் பிடித்தாள்.

பக்கத்து வாசலிலிருந்து லோகநாதனின் மனைவி பூரித்துப்போய்க் கூப்பிட்டாள்.

“ஜெயாக்கா! சீக்கிரம் வாங்களேன்! இன்னும் ‘அம்மா’ன்னே சொல்ல வரல, பாட்டு வருது பாருங்க இதுக்கு!”

கீரை மடியிலிருந்து சரிந்தது. ஜெயகுமாரி வாசலுக்கு வந்தாள்.

குழந்தை பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. அதன் மோவாய் மேலே உயர்ந்திருந்தது.