பேசிக்கிட்டே இரு

வேதாரண்யத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். மோகனப்பிரியாவின் கைப்பையில் அவளுடைய கல்யாணப் பத்திரிகை இருந்தது.

மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே அவள் ஒரு ஆன்லைன் விளையாட்டு கம்பெனிக்கு வேலை பார்த்தாள். ஆபீஸ் என்று ஒரு கட்டடமே கிடையாது. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு அறை. கேமராவைக்கூட யாரும் போடுவதில்லை. புதிதாக உருவாக்கிய விளையாட்டு உலகத்துக்குள் இரண்டிரண்டு பேராக நடந்து, எங்கே சுவர் ஓட்டை, எங்கே தரை இல்லை என்று பிழை பார்க்க வேண்டும். அவளோடு நடப்பவன் வெற்றிசெல்வன். இரண்டு வருஷமாகப் பகல் முழுக்க அவள் காதில் அவன் குரல்தான். முகம் பார்த்ததில்லை. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அவனிடம் சொல்லாமல் வந்திருந்தாள்.

சுனாமி குடியிருப்பில் கடைசி வீடு என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான். வாசலில் ஒரு அம்மாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வெற்றிசெல்வன் வீடு இதுதானேம்மா? நான் அவங்ககூட வேலை பாக்குறேன். மோகனப்பிரியா."

அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது.

"நீதான் ப்ரியாவா? உள்ள வா."

கூடத்துச் சுவரில் அவன் முகத்தை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். மெலிந்த முகம், சின்னச் சிரிப்பு.

படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"ஐப்பசியில போயிட்டான்" என்றாள் அவன் அம்மா எல்லையம்மாள். "லீவு நாளுன்னு அப்பாகூட கடலுக்குப் போனான். படகு கவுந்துருச்சு. அவரை வேற படகுக்காரங்க தூக்கிக் காப்பாத்திட்டாங்க. இவன் கெடைக்கவே இல்ல."

இது பங்குனி.

"நேத்துகூட என்கிட்ட பேசினாங்கம்மா."

"தெரியும்." எல்லையம்மாள் சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்தாள். "காலையில ஆரம்பிச்சா பொழுது சாயுற வரைக்கும் பேச்சுதான். கதவைத் தொறந்தா நின்னுடும். அதனால தொறக்கிறதில்ல. இன்னைக்கு நீ இங்க வந்துட்ட. அதான் சத்தமில்ல."

ஜன்னல் வழியாக அந்த அறைக்குள் போக வேண்டிய இன்டர்நெட் ஒயர் வெளியே பாதியில் அறுந்து, உப்புக்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"கம்பெனியில சொல்லிடாத தாயி" என்றாள் எல்லையம்மாள், குரலைத் தாழ்த்தி. "நிறுத்திப்புடுவாங்க. எனக்கு அந்தக் கொரலாவது இருக்கட்டும்."

மோகனப்பிரியா தலையாட்டினாள். பத்திரிகையை அவள் வெளியே எடுக்கவேயில்லை.

மறுநாள் காலை ஹெட்போனை மாட்டினாள்.

"வீட்டுக்கு வந்தியாமே" என்றான் வெற்றிசெல்வன். "அம்மா சாப்பிடுறாங்களா?"

அவள் கேட்டாள்.

"நீ எங்க இருக்க?"

"தெரியல ப்ரியா. எந்தப் பக்கம் நடந்தாலும் கரை வரல. உன் பேச்சு மட்டும்தான் கேக்குது. நீ நிறுத்தினா ஒண்ணுமே இல்ல."

காதுக்குள் தண்ணீர் மோதுகிற சத்தம்.

"பேசிக்கிட்டே இரு."

அவள் பேசினாள். வேலை நேரம் முடிந்த பிறகும் பேசினாள். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, கொல்லைப்புற வயலில் அறுவடை மிஷின் ஓடுவதை, வாசலில் ஐஸ் வண்டி வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியது. தண்ணீர் குடிக்க நிறுத்தினால் அந்தப் பக்கம் மூச்சுத் திணறல் கேட்டது. அறை முழுக்கச் சேற்று வாடை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் போன் செய்தால் எடுக்க முடியவில்லை.

ஒருநாள் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. அந்தப் பக்கம் அவன் அலற ஆரம்பித்தான். ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். அலறல் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் டீம் லீடர் சுவேதாவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள்.

"இன்னைக்கும் வேலையை முடிச்சு அனுப்பியிருக்காரே" என்றாள் சுவேதா. பிறகு இருவரையும் லைனில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "வெற்றி, இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

குரலோடு தண்ணீர் கொப்பளித்தது.

சுவேதா உடனே லைனை வைத்தாள். மாலைக்குள் அவன் கணக்கை மூடிவிட்டார்கள். மறுநாள் அவன் இடத்துக்கு வேறொருவர் வந்தார். வெற்றிசெல்வனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனை யாரும் பார்த்ததில்லை.

மோகனப்பிரியா வேலையை விட்டாள். கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பினாள். கல்யாணம் நடந்தது. அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வேதாரண்யத்தில் வாங்கி வந்த நம்பருக்கு ஒரு மத்தியானம் துணிந்து போன் செய்தாள்.

"அம்மா, நான்தான் சொல்லிட்டேன். என்னால முடியல. மன்னிச்சிருங்க."

எல்லையம்மாள் கோபப்படவில்லை.

"அவன் பேசுறதில்ல தாயி. அன்னைக்கோட நின்னுபோச்சு." அவள் நடக்கும் சத்தம் கேட்டது. "ஆனா நீ இன்னும் பேசிக்கிட்டுதானே இருக்க?"

"என்னம்மா சொல்றீங்க?"

"உள்ள. அவன் அறையில. ராப்பகலா."

போனைக் காதோடு அழுத்தினாள். எல்லையம்மாளின் மூச்சுக்குப் பின்னால், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் குரல் தொண்டை கட்டிப்போய், நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது.

அது அவளுடைய குரல்.