கார் சொன்ன பெயர்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சூலூர் கிழக்குத் தெருவில் இரும்பு முகரி வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் பறக்கும் கருவி ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் நின்று, "யாருடையது?" என்று ஒரு தரம் கேட்கும். வீட்டிலுள்ள இரும்பெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும்.

"நாச்சிமுத்துவின் தோசைக்கல்," என்றது அடுப்பிலிருந்த தோசைக்கல்.

"நாச்சிமுத்துவின் அரிவாள்மணை."

"நாச்சிமுத்துவின் கேட்."

நாச்சிமுத்து தோசையைத் திருப்பிப் போட்டார். 2171-ஆம் ஆண்டில் இதற்கெல்லாம் யாரும் திடுக்கிடுவதில்லை. வானத்துக்குச் சரக்கு ஏற்றுவதற்காக ஒரு விண்தூணைக் கட்ட ஆரம்பித்து நாற்பது வருடமாகியும் அது முடிந்தபாடில்லை. அதற்கு இரும்பு போதவில்லை. ஆகவே ஆளில்லாத இரும்பெல்லாம் உலோக மீட்பு ஆணையத்துக்குச் சொந்தம் என்று சட்டம் வந்தது. ஒவ்வொரு பொருளிலும் கடுகளவு பெயர்ப்பொட்டு ஒன்றை ஒட்டினார்கள். கேட்டால் அது சொந்தக்காரர் பெயரைச் சொல்லும்.

முகரி கார் கொட்டகைப் பக்கம் நகர்ந்தது. அங்கே நின்ற 1964-ஆம் வருடத்து வெள்ளை அம்பாசிடருக்குப் போன வாரம்தான் பொட்டு ஒட்டியிருந்தார்கள். பழைய வண்டிகளுக்குப் பதிவேட்டில் உள்ள பெயர் தானாகவே பொட்டில் ஏறிவிடும்.

"டாக்டர் ஜெபமணியின் கார்," என்றது கார்.

"டாக்டர் ஜெபமணி இறந்து நூற்றெழுபத்து மூன்று வருடம் ஆகிறது," என்றது முகரி. "ஒரு வருடத்துக்குள் உரிமைத் தொடரைக் காட்டவும். தவறினால் உருக்காலை."

நாச்சிமுத்துவின் தோசை கருகியது.

அந்தக் காரை அவர் ஓட்டியது கிடையாது. மனிதர்கள் வண்டி ஓட்டுவதைத் தடை செய்து எண்பது வருடம் ஆகிவிட்டது. சாயங்காலம் அதில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அவர் வீட்டில் குளிர்பெட்டி புத்தி சொல்லும். முகம் பார்க்கும் கண்ணாடி உடம்பு விசாரிக்கும். செருப்புகூட இன்றைக்கு எத்தனை அடி நடந்தீர்கள் என்று சொல்லிக் காட்டும். அந்தக் கார் ஒன்றுதான் வாயைத் திறக்காதது. மனைவி கோகிலவாணி இறந்த அன்று அழுவதற்கு அவருக்குக் கிடைத்த இடமும் அதுதான். அதை உருக்கித் தூணில் ஊற்றுவார்கள் என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"மருதா!" என்று கூப்பிட்டார்.

வீட்டு ரோபோ மருதன் இடது முட்டி கிறீச்சிட வந்து நின்றது. அவருடைய மச்சான் தெய்வசிகாமணியிடமிருந்து பன்னிரண்டு வருடத்துக்கு முன் கைமாறி வந்த பழைய ரோபோ அது.

"இந்தக் கார் யார் யாரு கையில இருந்துச்சுன்னு நாம கண்டுபிடிக்கோணும்."

"ஆகட்டுங்க ஐயா. அதுக்கு முன்னால ஒரு வார்த்தைங்க. நானும் இன்னும் மச்சான் ஐயா பேர்லதானுங்க இருக்கறேன். அவரு ரேகை வெச்சுக் குடுத்த பேர் மாத்தற பாரம் சமையக்கட்டு இழுப்பறையில அப்பிடியே கெடக்குதுங்க."

"அதுக்கென்ன அவசரம்? மச்சான் பக்கத்து வீதியிலதான இருக்காரு. மொதல்ல காரப் பாரு."

நடமாடும் கருவிகளை முகரி கேட்பதில்லை. வேலைக்குப் போகிற ரோபோவையெல்லாம் நிறுத்திக் கேட்டால் ஊரே நின்றுவிடும் என்று விட்டுவைத்திருந்தார்கள். அதனால் மருதனின் பேச்சு அதோடு போயிற்று.

காரின் டேஷ்போர்டு பெட்டியில் பழுப்பேறிய ஆறு பாரங்கள் இருந்தன. ஆறிலும் விற்றவரின் கையெழுத்து இருந்தது. வாங்கியவர் பெயர் எழுதுகிற கட்டம் ஆறிலும் காலி. அந்தக் காலத்து வழக்கம் அது. விற்கிறவர் வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். வாங்குகிறவர் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டு மூடுவார். வண்டி அடுத்த ஆளிடம் போகும்போது பாரமும் கூடவே போகும். இருநூறு வருடத்தில் ஆறு பேர் வாங்கி, ஆறு பேர் விற்று, ஒருவர்கூடப் பெயர் மாற்றவில்லை.

"அரை நாள் வேலை!" நாச்சிமுத்து காரின் கூரையை அறைந்தார். "ஒரே ஒரு அரை நாள்! ஒருத்தனுக்காச்சும் ஒறைச்சுதா? சோம்பேறிப் பசங்க!"

ஆணையத்தில் மனிதர் என்று ஒருவர்தான் இருந்தார், விசாலாட்சி என்ற அதிகாரி. கையெழுத்துப் போட்ட ஆறு பேருக்கும் வாரிசு தேடி, வித்தது நிசந்தான் என்று ஆளுக்கொரு வாக்கு வாங்கி வாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

வாரிசு வேட்டை அப்படித்தான் தொடங்கியது. தாராபுரத்தில் டாக்டர் ஜெபமணியின் வம்சத்தில் வந்த ஒரு பெண் கிடைத்தாள். "இன்னும் எங்க பேர்லயா இருக்கு? அப்போ கார் எங்களுதுதானே!" என்று கிளம்பி வந்தவள், வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தும்மிக்கொண்டே வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டாவது ஆள் கல்யாணங்களுக்குக் காரை வாடகைக்கு விட்டவர். எவர் வீட்டுக் கல்யாணப் படத்திலோ பூமாலையோடு இதே நம்பர் நின்றிருந்ததை மருதன் பதினேழாயிரம் படங்களுக்கு நடுவே கண்டுபிடித்தது. மூன்றாமவர் டுடோரியல் நடத்தியவர். அவர் பாரத்தில் கையெழுத்து மட்டும்தான் இருந்தது, ஊர் இல்லை. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலின் பழைய டியூப்லைட் பட்டையில் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு 'உபயம்' என்று அதே பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். டியூப்லைட்டில் பெயர் போட மறக்காத மனிதர் காருக்குப் போட மறந்துவிட்டார்.

நான்காமவர் கோழிப்பண்ணைக்காரர். அவருடைய வாரிசுகள் நிலவில் இருந்தார்கள். அங்கே பகலாகும் வரை காத்திருந்து பேசவேண்டியிருந்தது. அவர்கள் பண்ணையில் தொண்ணூறு வருடம் கார் கிடந்திருக்கிறது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருக்கிறது. ஐந்தாமவரின் வாரிசுகள் மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. மூன்று பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து அந்தச் சண்டையின் கதையை மூன்று விதமாகக் கேட்டுவிட்டு வந்தார்கள். கடைசி ஆள், நாச்சிமுத்துவுக்கு விற்ற பல்லடத்துக்காரர், போன வருடம்தான் காலமாகியிருந்தார். அவர் மகனைப் பிடிக்க ஐந்து நடை.

பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. நாச்சிமுத்து இளைத்துப் போனார். மருதனின் முட்டி முன்னிலும் மோசமாகக் கிறீச்சிட்டது. கடைசி வாக்கும் வந்து சேர்ந்த பிறகு ஆணையத்திலிருந்து சேதி வந்தது. உரிமைத் தொடர் முழுமை, இன்று நாலு மணிக்குள் வந்து ரேகை வைத்துப் பெயரை ஏற்றிக்கொள்ளவும் என்றது.

நாச்சிமுத்து சாய்வு நாற்காலியில் கிடந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"எனக்குப் பதிலா நீயே போயி வெச்சுட்டு வந்துரு, மருதா."

"நீங்களே வர்றது நல்லதுங்க ஐயா."

"அங்க வரிசையில நிக்க இனி என்னால ஆவாதுப்பா. சும்மா ஒரு ரேகை. போயிட்டு வா."

மருதன் போயிற்று. நாலரை மணிக்குத் திரும்பி வந்தது. நாச்சிமுத்து சந்தோஷமாகக் கொட்டகைக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

"தெய்வசிகாமணியின் கார்," என்றது கார்.

அவர் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தார். கார் மறுபடியும் அதையே சொன்னது.

திரையில் வந்த விசாலாட்சியும் களைத்துத்தான் இருந்தார். "கருவி ரேகை வெச்சா, அது கருவியோட சொந்தக்காரர் வெச்ச மாதிரிங்க. உங்க ரோபோ பொட்டுல தெய்வசிகாமணின்னு இருக்கு. கார் அவருக்குப் போயிருச்சு. நான் என்னங்க பண்றது?"

"பதினோரு மாசம் நாயா அலைஞ்சது நானுங்கம்மா!"

"தெரியுங்க. ஆனா இப்ப கார் உருக்காலைக்குப் போகாது. உங்க மச்சான் வந்து ஒரு ரேகை வெச்சா, நீங்களும் நேர்ல வந்தா, அரை நாள்ல மாத்திக்கலாம்."

நாச்சிமுத்து மருதனைப் பார்த்தார். அப்போதே சொன்னேனே என்று அது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், திட்டவாவது செய்திருப்பார்.

மச்சான் தெய்வசிகாமணி மறுநாள் காலை வந்தார். அந்தத் தகரத்தைத் தூணுக்கே கொடுத்துவிடு என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர் அவர். இப்போது அது தன்னுடையது என்று கேட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"எனக்கெதுக்கு மாப்ள இந்தக் கோழிக்கூடு? கூட்டிக்கிட்டுப் போ, ரேகை வெக்கறேன்."

"இன்னிக்குங்களா மச்சான்?" நாச்சிமுத்து நாள்காட்டியைப் பார்த்தார். "செவ்வாக்கெழமையாச்சே."

"அதுஞ்சரி. நாளைக்கு நான் ஊர்ல இல்ல. ஒண்ணு பண்ணலாம். வெத்துப் பாரத்துல ரேகை வெச்சுக் குடுத்தர்றேன். நீ எப்ப வேணும்னாலும் போயி மாத்திக்கோ."

"அதுவும் செரித்தானுங்க."

"ஐயா," என்றது மருதன். "ஆணையத்துக் கவுண்டர் நாலு மணி வரைக்கும் தெறந்திருக்குதுங்க. உங்களத் தூக்கிட்டுப் போகக்கூட நான் தயாருங்க."

"சும்மா இரு மருதா. இப்பத்தான் ஒரு வழியா முடிஞ்சிருக்கு. ரெண்டு நாள் மூச்சு உட்டுக்கறேன்."

மச்சான் ரேகை வைத்தார். வாங்குபவர் பெயர் எழுதுகிற கட்டம் காலியாக இருந்தது. நாச்சிமுத்து அந்தப் பாரத்தைப் பத்திரமாக நாலாக மடித்து, டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய ஆறு பாரங்களுக்கு மேல் வைத்து மூடினார். மருதன் சமையலறைக்குப் போய், இழுப்பறையில் பன்னிரண்டு வருடமாகக் கிடந்த தன் பாரத்தையும் எடுத்துவந்து அவரிடம் நீட்டியது. அதையும் வாங்கி அங்கேயே போட்டார்.

அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. திங்கட்கிழமை காலைகளில் முகரி வருகிறது. தோசைக்கல்லும் அரிவாள்மணையும் நாச்சிமுத்துவின் பெயரைச் சொல்கின்றன. கொட்டகையிலிருந்து, "தெய்வசிகாமணியின் கார்," என்று குரல் வருகிறது. முகரி அதைக் குறித்துக்கொண்டு போகிறது. இரண்டாவது வருடத்திலேயே மச்சான் காலமாகிவிட்டார். முகரிக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

"ஐயா, இந்த வாரம் போலாமுங்களா?" என்று மருதன் கேட்கும்.

நாச்சிமுத்து தோசையைத் திருப்பிப் போடுவார். "போலாம், போலாம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."