பிந்தி வந்த ஆமென்

முதல் அறையில் ஜெபம் முடிந்து எல்லோரும் "ஆமென்" சொன்னார்கள். அது அடங்கி, போதகர் வேதப் புத்தகத்தை மூடிய பிறகு, அடுத்த அறையிலிருந்து இன்னொரு ஆமென் வந்தது. இழுத்து, பிந்தி, சொல்ல மறந்து இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல.

தலைமையாசிரியர் மட்டும்தான் திரும்பிப் பார்த்தார். ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்கு அவர் தலைமையாசிரியர்தான். கொள்ளுத்தாத்தா கட்டிய இந்த வீடு இன்று மாலையோடு அறக்கட்டளைக்குப் போகிறது. ஆதரவற்ற பெண்களுக்கான இல்லம், செத்துப்போன அக்காவின் பெயரில். அறை அறையாக ஜெபித்து, கடைசியாக மாடியறையில் சாவியைக் கொடுக்க வேண்டும். அத்தோடு வீட்டைத் தலைமுழுகிவிடலாம் என்றிருந்தார்.

கூடத்தில் ஜெபித்தார்கள். சாப்பாட்டறையிலிருந்து ஆமென் வந்தது. சாப்பாட்டறையில் ஜெபித்தார்கள். மாடிப்படியிலிருந்து வந்தது.

"உனக்குக் கேக்குதா?" என்றார் மனைவியிடம்.

"என்னங்க கேக்குது? மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு. பேசாம வாங்க, எல்லாரும் பாக்கறாங்க."

படியேறும்போது போதகர் அவர் தோளைத் தொட்டார். "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பாரு சார்? அக்கா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க!"

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. புத்தி தடுமாறி அக்கா தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கியபோது, குடும்ப மானம் கப்பலேறுகிறதே என்று மாடியறைக் கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தவர் அவர்தான். கீழே அவர் குடும்ப ஜெபம் நடத்துவார். மேலே மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய ஆமென் கடைசியாக வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரித்திருக்கிறார். கடைசி நாளில் வெகுநேரம் தட்டினாள். வழக்கம்தானே என்று காதில் வாங்காமல் இருந்துவிட்டார்.

இன்று காலை அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணித் துளைகளை அடைத்து, மேலே பெயிண்டும் அடித்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் தாழ்ப்பாள் இன்னும் ஜிப்பாப் பையில்தான் கனத்தது.

மாடியறையில் புது பெயிண்டின் நெடி. அதற்கடியில், அக்காவின் தலையெண்ணெய் வாசனை. விரிப்பு கலையாத ஒரு கட்டில். ஜெபம் முடிந்தது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

எதுவும் வரவில்லை.

போன உயிர் திரும்பியது. சாவியைக் கொடுத்தார். கைதட்டினார்கள்.

"கொஞ்ச நேரம் இங்க இருந்துட்டு வாங்க சார். நாங்க கீழ டீ குடிக்கிறோம்," என்றார் போதகர்.

தனியானதும் கட்டிலுக்கு முதுகைக் காட்டி முழங்காலிட்டார். கட்டிலைப் பார்க்கும் தைரியம் இல்லை. "ஆண்டவரே, நான்தான் அவளை அடைச்சு வச்சேன். தட்டினது எனக்குக் கேட்டுச்சு. என்னை மன்னியும். ஆமென்."

கதவு மெல்ல மூடியது.

வெளியே தாழ்ப்பாள் உராய்ந்தது. விழுந்தது.

அவர் கை ஜிப்பாப் பைக்குள் போனது. தாழ்ப்பாள் அங்கேயே இருந்தது. சூடாக.

எழுந்து தள்ளினார். அசையவில்லை. தட்டினார். கீழே பாட்டு தொடங்கியிருந்தது. ஓங்கித் தட்டினார். யாரோ சிரித்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

அப்புறம், இழுத்து, பிந்தி,

"ஆமென்."