ஒன்பதும் சரி

காலை எட்டு மணி. பல் டாக்டர் கிளினிக்கைத் திறக்கும்போதே நர்ஸ் அழுத கண்ணோடு வாசலில் நின்றாள். பின்னால் அவள் கணவர், தச்சர்.

மருத்துவமனைகளுக்கான ஓர் இலவச மென்பொருளின் கையேட்டை நர்ஸும் அவள் சுருட்டைமுடித் தம்பியும் டாக்டரும் ஒரு வருடமாகச் சம்பளமில்லாமல் தமிழாக்கி வந்தார்கள். இன்று மாலை வெளியீடு. ராத்திரியோடு ராத்திரியாகத் தமிழ்த் தொகுப்பு மொத்தமும் தளத்திலிருந்து மாயமாகியிருந்தது. மற்ற மொழிகள் குத்துக்கல்லாட்டம் இருந்தன.

யார் அழித்தது என்று தளம் சொல்லாது. அழித்தவர் கணக்கின் குப்பைத்தொட்டியில்தான் அது கிடக்கும். அவர் எடுத்துக் கொடுத்தால் உண்டு. மாலையில் தொட்டி தானாகக் காலியாகிவிடும்.

நர்ஸுக்குத் தம்பி மேல் சந்தேகம். ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டு இருவரும் பேசாமல் இருந்தார்கள்.

டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அழிக்க வேண்டுமென்றால் தளம் இரண்டு முறை கேட்கும், தொகுப்பின் பெயரையும் கையால் தட்டச் சொல்லும். கோபக்காரனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"எவன்னு தெரியட்டும், தோலை உரிச்சிடறேன்," என்றார் தச்சர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனாலேயே, படித்தால் புரிகிறதா என்று பார்க்கக் கடந்த வாரம் அவரைச் சேர்த்திருந்தார்கள்.

டாக்டர் தன் முக்காலியைப் பார்த்தார். தச்சர் செய்து கொடுத்தது. தானே உட்கார்ந்து ஆட்டிப் பார்க்காமல் எதையும் கைமாற்றாத மனுஷன்.

"எத்தனை அத்தியாயம் பாத்தீங்க?"

"நேத்து ராத்திரி முடிச்சிட்டேன். ஒன்பதும் சரி."

"ஒன்பதாவது எதைப் பத்தி?"

"இந்தத் தளத்துல ஒரு மொழித் தொகுப்பை அழிக்கிறது எப்படின்னு."

"அது சரின்னு எப்படித் தெரிஞ்சுது?"

தச்சர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எழுதியிருந்தபடியே செஞ்சேன். பயிற்சிக்குன்னு நினைச்சேன். எடுத்துக்காட்டுல 'தமிழ்'னு தட்டச் சொல்லியிருந்தது."

அந்த எடுத்துக்காட்டை எழுதியவள் நர்ஸ். நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

"திருடன் கோபக்காரன் இல்லம்மா, சொன்ன பேச்சுக் கேக்கறவன்," என்றார் டாக்டர். தன் கணினியைத் தச்சரிடம் நகர்த்தினார். அவர் தன் கணக்கைத் திறந்ததும், தொட்டியில் தொகுப்பு பத்திரமாகக் கிடந்தது. ஒரே தட்டில் திரும்பி வந்தது.

நர்ஸ் முதலில் தம்பிக்குத்தான் போன் போட்டாள். அந்தச் சொல்லை அவன் இஷ்டப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னாள். போனை வைத்ததும் கணவரை முறைத்தாள்.

"முறைக்காதே," என்றார் தச்சர். "ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் யாரையும் கேக்காம நானே செஞ்சு முடிச்சேன். அவ்வளவு தெளிவா எழுதியிருக்கே."

ஒரு வருட உழைப்புக்கு அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். முறைப்பு சிரிப்பாக மாறியது.