முதல் கரண்டி

காலை 7.40. இசக்கியம்மாள் தான் கலக்கிய புதிய கரைப்பானில் ஒரு கரண்டி எடுத்து எல்லோர் முன்னாலும் குடித்தாள். வாயைத் திறந்து காட்டினாள். மேற்பார்வையாளர் தேவசகாயம் நேரம் குறித்துக்கொண்டார்.

"ருசி எப்படிட்டி?" வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"உன் வீட்டுச் சாம்பாருக்கு இது தேவல."

சிரித்தார்கள். இசக்கி தரையில் வரைந்த வெள்ளை வட்டத்துக்குள் போய் நின்றாள். அரை மணி நேரம் யாரும் அவளைத் தொடக்கூடாது. அவள் விழாமல் நின்றால் ஆலைச் சங்கு ஊதும். மின்சுற்றுப் பலகைகளை அந்தக் கரைப்பானால் கழுவத் தொடங்குவார்கள். கழுவிய நீர் ஊர்க்குளத்துக்குப் போகும்.

பழைய கரைப்பான்கள் ஒரு தலைமுறையையே நோயில் தள்ளியபின் வந்த சட்டம் இது. கலக்குகிறவர்தான் முதலில் குடிக்க வேண்டும். அவர் உடலுக்குள் எந்தக் கருவியும் இருக்கக்கூடாது.

இசக்கியின் வயிற்றில் ஒரு கருவி இருந்தது. சர்க்கரை நோய்க்குப் போன மாதம் ரகசியமாக வைத்துக்கொண்ட சில்லு. உள்ளே ஆறு மாதத்துக்கான இன்சுலின். தெரிந்தால் வேலை போய்விடும். பிளஸ்ஸியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

பிளஸ்ஸி உருப்பெருக்கியில் பலகைகளைச் சோதிப்பவள். இங்கே கழுவுவதெல்லாம் வயிற்றுச் சில்லுக்கான பலகைகள். கழுவி முடித்த பிறகுதான் பிசின் பூசுவார்கள். இன்று காலை யாரோ பிசின் பூசி முடித்த சில்லு ஒன்றைக் கைதவறிப் புதிய கரைப்பானில் போட்டிருந்தார்கள். அதைப் பிளஸ்ஸி இடுக்கியால் எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள்.

பூச்சு வெந்த தோல் போல உரிந்திருந்தது. உள்ளே மருந்துக்குழி திறந்து கிடந்தது.

மணி 7.58. நிமிர்ந்து பார்த்தாள். வட்டத்துக்குள் இசக்கியின் நெற்றி வேர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின. பிளஸ்ஸி தேநீர் மேசையிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். தேவசகாயம் குறுக்கே வந்தார்.

"தள்ளி நில்லும்மா. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

"அண்ணாச்சி, அவ வயித்துல சில்லு இருக்கு. இது அதைக் கரைக்குது. இன்சுலின் பூரா ஒண்ணா இறங்குது."

இசக்கி அவளைப் பார்த்தாள். பேச வாய் எடுத்தாள். முழங்கால் மடிந்தது. பிளஸ்ஸி வட்டக் கோட்டைத் தாண்டி அவளைத் தாங்கி, சர்க்கரையை அள்ளி வாயில் திணித்தாள்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

தேவசகாயம் கூப்பிட்டார். பிறகு கரண்டியைத் துடைத்தார். கரைப்பானில் முக்கி எடுத்து வரிசையின் முன் நீட்டினார். அறுபது பேர். ஒருவரும் அசையவில்லை. சிலருடைய கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"சட்டப்படி அவ குடிச்சது செல்லாது. சில்லு இல்லாதவங்க யாரு? கை தூக்குங்க."