இரண்டு நோயல்

செல்போனில் அந்தப் பொத்தானை அழுத்தின கொஞ்ச நேரத்திலேயே வீட்டில் பால் கக்கின வாடை அடித்தது. கரோலின் முதலில் தன் புடவைத் தலைப்பை மோந்து பார்த்தாள், அப்புறம் அடுப்படிக்குப் போனாள். பால் பாத்திரம் காலையிலேயே கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. இது பாத்திரத்து வாடையும் இல்லை. கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் வழிந்து, காய்ந்து, புளித்துப்போகிற வாடை. இந்த வீட்டில் குழந்தை ஏது? மகள் சில்வியா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. வெளியே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. ராயபுரத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

தப்பு ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சித்தப்பா மகன் பிராங்கிளின் வெளிநாட்டில் இருந்தபடியே இணையத்தில் குடும்ப மரம் போடுகிறான். செத்தவர்களின் பெயர், படம், தேதி எல்லாம் அதில் தெரியும். உயிரோடு இருக்கிறவர்களை ஒளித்து, சாம்பல் நிறப் பெட்டியில் 'தனிப்பட்டது' என்று மட்டும் காட்டும். சில்வியாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டாரையும் அதைப் பார்க்கச் சேர்த்துவிட்டான். "உங்களுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி கீதே, அது யாரு சம்பந்தி?" என்று மாப்பிள்ளையின் அம்மா போன் போட்டுக் கேட்டாள்.

அது நோயல். மனநிலை சரியில்லை என்று எர்ணாவூர் காப்பகத்தில் விட்டுவிட்டு, மும்பையில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த தம்பி. தாய்மாமன் என்றால் கல்யாணத்துக்கு வரச்சொல்வார்கள், விஷயம் தெரிந்தால் சம்பந்தம் நிற்காது.

அவனுக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளைக்கும் நோயல் என்றுதான் பெயர். பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. போன பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். மரம் அதைக் கண்டுபிடித்து இன்றைக்குக் கேட்டது: 'ஒரே பெயர், ஒரே பெற்றோர். இருவரும் ஒருவரா?'

கரோலின் ஆமாம் என்று அழுத்தினாள். சாம்பல் பெட்டி செத்த குழந்தையின் பெட்டிக்குள் போய் மறைந்தது. அவ்வளவுதான்.

போன் அடித்தது. காப்பகத்தில் வேலை செய்கிற மலர்க்கொடி.

"யக்கா, நோயலு அண்ணனுக்கு இன்னாவோ ஆய்ட்ச்சு. பேச்சே இல்ல. வெரலு சூப்பிகினு கீறாரு."

"மாத்திரை குடுத்தியா?"

"முழுங்கத் தெர்லக்கா. நேத்து முறுக்கு கடிச்ச மனுசன். இப்போ வாயில ஒரு பல்லு இல்ல. ரத்தம் கூட வர்ல. சீக்கிரம் வாக்கா, பயமா கீது."

கரோலின் போனில் மரத்தைத் திறந்தாள். சேர்த்ததைப் பிரிக்க, மரம் போட்டவனின் ஒப்புதல் வேண்டும் என்றது. பிராங்கிளினைக் கூப்பிட்டாள்.

"இன்னா யக்கா, கல்யாண வூட்டுக்காரம்மா! புடவை எடுத்தாச்சா? எனக்குக் கோட்டு உண்டா, இல்ல வேட்டிதானா?"

"பிராங்கிளினு... நம்ம நோயலை..."

"எந்த நோயலு?"

"நீயும் அவனும் கேரம் ஆடுவீங்களே."

"யாரு, நானா? அது கைக்குழந்தையிலேயே செத்துட்ச்சேக்கா. நான் பொறக்கவே இல்லியே அப்போ."

அவன் விளையாடவில்லை. குரலில் தெரிந்தது.

"வேற நோயலு கீறானா இன்னா? கீறான்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே பிரிச்சுடறேன். ஆனா சம்பந்தி வூட்டுக்காரங்க எல்லாத்தையும் பாத்துகினு கீறாங்க, சரியா சொல்லு."

லாரிகளின் உறுமல் நின்றிருந்தது. கரோலின் கண்ணை மூடினாள். சில்வியாவின் முகம் வந்தது. அதற்குப் பக்கத்தில் பல்லில்லாத ஒரு வாய்.

"இல்லப்பா," என்றாள். "ஒருத்தன்தான்."

கரண்ட் போனது.

மறுபடி போன் வெளிச்சம். மலர்க்கொடி. "கட்டில்ல ஆள் இல்லக்கா. கதவு பூட்டினது பூட்டினபடியே கீது."

உள்ளறையில் ஏதோ கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்.

பால் வாடை அங்கிருந்துதான் வந்தது.

போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். விட்டத்துக் கொக்கியில் தூளி.

அம்மாவின் ஊதாப் புடவை. சவப்பெட்டியை மூடும்போது அம்மா கட்டியிருந்த புடவை. ஓரமெல்லாம் ஈரமண்.

பாரம் தாங்காமல் தரையை உரசிக்கொண்டு ஆடியது. உள்ளே முழங்கால்கள் துணியைப் புடைத்தன. வெளியே இரண்டு பாதங்கள். ஆம்பளைப் பாதங்கள். பித்தவெடிப்போடு. காற்றில் உதைத்தன.

அழுகை. பச்சைக்குழந்தையின் அழுகை.

துணி விலகியது.

நரைத்த தாடி. ஈறு. எச்சில். அவளைப் பார்த்ததும் அழுகை நின்றது. வாய் மலர்ந்தது.

மயிர் அடர்ந்த கை ஒன்று மேலே வந்து தடவியது. கரோலினின் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது. இறுக்கியது.

மெல்ல, துணிக்குள் இழுத்தது.