கட்டுத்துணி ஓரத்து ஈ

பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பழைய வீட்டுக் கதவைத் தட்டுமுன் பூச்சியியல் பேராசிரியர் இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தார். துக்கம் கேட்கப் போகிறவருக்கு எதற்குத் தயக்கம்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்!

"வாங்க சார். நீங்களே வருவீங்கன்னு நினைக்கல," என்றார் கதவைத் திறந்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்த அக்காவைப் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்ட தம்பி.

மூன்று வாரத்துக்கு முன் அவர்தான் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அக்கா அறையில் பளபளவென்று ஒரு புது ஈ. பயப்படணுமா என்று கேட்டிருந்தார். சின்னத் திரையில் படம் கலங்கலாகத் தெரிந்தது. 'தெரியவில்லை, இன்னொரு படம் அனுப்புங்கள்' என்று எழுதியிருக்கலாம். ஊரே வந்து கேட்கிற மனிதருக்குத் தெரியாது என்று சொல்ல மனசு வருமா? அரை நிமிஷத்தில் பதில் போட்டார்: 'குப்பை ஈதான். ஒன்றும் செய்யாது.'

அது உயிருள்ள சதையில் முட்டையிடுகிற ஈ. சாவுச் செய்தி வந்த பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அது உட்கார்ந்திருந்தது அக்காவின் கால்புண்ணுக்குப் போட்ட கட்டின் மேல். துணி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள்.

"புழு உள்ள இறங்கிடுச்சாம் சார். நீங்க சொன்ன ஈ இல்ல, வேற ஏதோ வந்திருக்கு. எங்க நேரம்."

பேராசிரியருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அக்காவின் அறையைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

ஜன்னல் சாத்தியிருந்தது. மருந்து நெடி போகவில்லை. அதற்கடியில் இன்னொரு வாடை. தம்பி தண்ணீர் எடுக்கப் போனார்.

பேராசிரியர் வெறும் கட்டிலைப் பார்த்து முணுமுணுத்தார். "எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

கட்டில் முனகியது.

மெத்தை நடுவில் பள்ளம் விழுந்தது.

யாரோ அவர் பக்கம் புரண்டு படுத்திருந்தார்கள்.

"யாருகிட்ட சார் பேசுறீங்க?" வாசலில் தம்பி, டம்ளரோடு.

"யாருகிட்டயும் இல்லையே. நான் கிளம்பறேன்."

சில்லென்று ஐந்து விரல்கள் அவர் மணிக்கட்டைப் பற்றின.

இழுத்தார். வரவில்லை. அவமானத்தில் தலை தொங்க, ஈ, முட்டை, அரை நிமிஷத்துப் பதில் என எல்லாவற்றையும் கொட்டினார்.

தம்பி டம்ளரைக் கீழே வைத்தார். பேராசிரியரின் மணிக்கட்டில் தோல் குழிந்து வெளுத்திருந்ததைப் பார்த்தார்.

"அக்கா அப்படித்தான் சார். கோபம் வந்தா கையைப் பிடிச்சுப்பாங்க."

பிறகு கட்டில் பக்கம் திரும்பி, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார். "சொல்லிட்டாரே. விட்டுடுக்கா."

பிடி இறுகியது.